லேண்ட்லைனை ஃபைபருக்கு மாற்றப் போகிறீர்களா? பழைய கம்பியைக் கழற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இருபத்தாறு நாள். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு லேண்ட்லைன் நம்பர் ஊமையாகக் கிடந்த நாள் கணக்கு இது. கைவிட்டுப் போன பணம் 5,680 ரூபாய். இதில் பாதிக்கு மேல் வீண்செலவு. எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும் வேலை. மாட்ட வந்தவருக்கு ஒயர் இழுக்கத் தெரியும், கவுண்டரில் இருந்தவருக்குப் படிவம் தெரியும், போன் விற்றவருக்குப் போன் தெரியும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் மாற வேண்டியிருந்தது என்பதை வட சென்னைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை எங்கும் உப்புக்காற்று. தெருமுனைப் பெட்டிக்குள் செம்புக் கம்பியை முறுக்கி இணைத்த இடத்தில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். போதாக்குறைக்கு மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போதெல்லாம் நிலத்தடி கேபிள் அறுபடும். எங்கள் லைன்மேன் அண்ணன் கடைசியாக வந்தபோது இணைப்பைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நுனி தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. "தம்பி, இத எத்தினி வாட்டி முறுக்கினாலும் மழ வந்தா திரும்பக் கரகரக்கும். பேசாம ஃபைபருக்குப் போய்டு" என்றார். செம்புக்குப் பதில் கண்ணாடி இழை வழியாக ஒளியில் பேச்சும் நெட்டும் வருகிற இணைப்பு அது. 1882-ல் எர்ரபாலு செட்டித் தெருவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் தொடங்கிய ஊர் இது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்களுக்குச் செம்புக் கம்பியின் காலம் இப்படி உள்ளங்கையில் உதிர்ந்து முடிந்தது.

முதல் தப்பு காகிதத்தில் நடந்தது. பத்தொன்பது நாள் அதிலேயே போயிற்று. தெருவில் துண்டுச்சீட்டு கொடுத்த ஏஜென்ட்டிடம் "ஃபைபர் வேணும்" என்றோம். அவர் "புதிய இணைப்பு" என்று போட்டுவிட்டார். மாட்டுக்கூலி 500 ரூபாய். அடுத்த நாளே பெட்டி வந்தது, நெட் பறந்தது, போனும் அடித்தது. ஆனால் நம்பர் புதிது. "பழசை சரண்டர் பண்ணிடுங்க சார், நம்பர் தானா இதுக்கு வந்துடும்" என்றார். நம்பி எழுதிக் கொடுத்தோம். நம்பர் தானாக எங்கும் வரவில்லை. முப்பது வருஷமாக உறவு முழுக்க மனப்பாடமாக வைத்திருந்த எண்ணை அழைத்தால் "உபயோகத்தில் இல்லை" என்று ஒரு பெண் குரல். அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். மொபைல் நம்பரை 2011-லிருந்து எந்தக் கம்பெனிக்கும் கொண்டுபோகலாம். லேண்ட்லைன் நம்பருக்கு அந்த வசதி இங்கே கிடையாது. எண் பிழைக்க ஒரே வழி, அதே நிறுவனத்தின் செம்பு இணைப்பை அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாற்றுவது. விண்ணப்பத்தில் "புதிய இணைப்பு" என்ற வார்த்தையே வரக்கூடாது. "தற்போதுள்ள எண்ணையே தக்கவைத்து, செம்பிலிருந்து ஃபைபருக்கு மாற்றம்" என்று கைப்பட எழுதி, பழைய பில்லின் நகலோடு கொடுத்து, முத்திரை வைத்த பிரதியை வாங்குங்கள். ஃபைபரில் பழைய நம்பர் மணி அடிப்பதைக் காதால் கேட்கும்வரை சரண்டர் படிவத்தைத் தொடவே கூடாது. எங்கள் எண்ணை வேறு யாருக்கும் கொடுத்திருக்கவில்லை, அதனால் திரும்பக் கிடைத்தது. ஆறு மாதம் கழித்துப் போயிருந்தால் அந்த எண்ணில் வேறு யாரோ "ஹலோ" சொல்லியிருப்பார்கள்.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் முன்பே பாருங்கள். வட சென்னையில் பாதி வீட்டு லேண்ட்லைன் தாத்தா பெயரிலோ அப்பா பெயரிலோதான் ஓடிக்கொண்டிருக்கும். அவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் எல்லாம் கேட்பார்கள். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு ஃபைபருக்கு விண்ணப்பியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் ஒன்றுக்காக மற்றது நிற்கும்.

இனி வீட்டுக்குள். ஃபைபர் வந்து சேரும் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர், பேச்சுவழக்கில் எல்லோருக்கும் அது மோடம். இதில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ நெட்டுக்கான அகலமான துளைகள் இருக்கும், டெல் (TEL) அல்லது போன் என்று எழுதிய சின்ன ஆர்.ஜே.11 துளை ஒன்றோ இரண்டோ இருக்கும். அந்தச் சின்னத் துளை இல்லாத மாடலும் உண்டு, அது நெட்டுக்கு மட்டும். மாட்ட வருகிறவர் பெட்டியைப் பிரிக்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி இழையைச் செம்பு ஒயர் மாதிரி இழுத்து மடிக்கக் கூடாது. நாலு விரல் அகலத்துக்குக் குறுகலாக வளைத்தால் ஒளி வளைவிலேயே வெளியே கசியும். பீரோவுக்குப் பின்னால் நசுங்குவதும் எலி கடிப்பதும் வழக்கமான கேஸ். எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. காத்தாடி சீசனில் மொட்டைமாடி ஒயரில் மாட்டிய காத்தாடியைப் பையன்கள் நூலோடு சேர்த்து இழுப்பார்கள், கூடவே கேபிளும் வரும். மாடியில் கேபிளைத் தொங்கவிடாமல் சுவரோரமாக கிளிப் அடிக்கச் சொல்லுங்கள்.

மாட்ட வந்தவர் போவதற்கு முன் அவரிடம் ஒளி அளவை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். டி.பி.எம். என்பது ஒளியின் பலத்தை அளக்கும் அலகு, மைனஸுக்குப் பின்னால் எண் கூடக்கூட ஒளி குறைவு. மைனஸ் 15-லிருந்து மைனஸ் 24 டி.பி.எம். வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்றால் இன்று வேலை செய்யும், முதல் மழையில் படுக்கும். அந்த எண்ணைச் சுவரிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். பின்னால் புகார் சொல்லும்போது "மாட்டியபோது 21, இப்போது 28" என்று சொன்னால் எதிர்ப்பக்கம் பேச்சே மாறிவிடும். பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம், உங்களால் ஆவது ஒன்றுமில்லை. ஒளி இணைப்பைக் காட்டும் பான் (PON) விளக்கு பச்சையாக நின்று, போன் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது, உங்கள் நம்பரில் பேசுவதற்கான குரல் கணக்குதான் நிறுவனத்தில் பதிவாகவில்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் கேபிள் ஆளை அனுப்புவார்கள், அவர் வந்து பார்த்துவிட்டு "லைட் வருது சார்" என்று போய்விடுவார். பெட்டியை வேறு மூலைக்கு நகர்த்த நினைத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் 180 ரூபாய்க்கு இணைப்பு ஒயர் வாங்கி வந்தோம், முனை நீல நிறம். வீட்டில் இருந்ததோ பச்சை. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், அதுதான் வினை. பச்சை முனையின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேர். இரண்டையும் சேர்த்தால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும். பச்சைக்குப் பச்சைதான்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் என் மேலேயே கோபம் வருகிறது. கீழே ஒரு போன், மாடியில் அதே லைனில் ஒரு பேரலல் போன். பழைய ஒயரிங் சுவருக்குள் ஓடுகிறது. ஓ.என்.டி.யின் டெல் துளையிலிருந்து ஒரு ஒயரை எடுத்துப் பழைய சுவர்ப்பெட்டியில் செருகினால் இரண்டு போனும் வேலை செய்யும் என்பது சரியான யோசனைதான். ஆனால் அந்தச் சுவர்ப்பெட்டியில் தெருவிலிருந்து வந்த செம்புக் கம்பி இன்னும் இணைந்தே இருந்தது. செம்பு லைனில் எக்ஸ்சேஞ்ச் 48 வோல்ட் டி.சி. அனுப்புகிறது, மணி அடிக்கும்போது அதற்கு மேல் 75 வோல்ட் ஏ.சி.யையும் தாண்டும். லைனை மூடிவிட்டதாகக் காகிதம் சொன்னாலும் எக்ஸ்சேஞ்சில் அந்த ஜோடிக் கம்பியைக் கழற்றியிருக்க மாட்டார்கள். ஓ.என்.டி.யும் தன் பங்குக்கு அதே மாதிரி மின்னழுத்தம் கொடுக்கிற சாதனம். இரண்டு பேரும் மோதினால் சாவது நம் பெட்டி. நெட் ஓடியது, டெல் துளை செத்தது. மாற்றுப் பெட்டி 2,200 ரூபாய், நாலு நாள் காத்திருப்பு.

சரியான முறை இது. வெளியிலிருந்து வரும் ஜோடிக் கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் சுவர்ப்பெட்டியைத் திறந்து, அந்த இரண்டு கம்பியையும் திருகைத் தளர்த்தி வெளியே எடுங்கள். நுனிகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பிறகு வீட்டு ஒயரிங்கில் மல்டிமீட்டரை டி.சி. 200 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். 48 பக்கத்தில் காட்டினால் வேறெங்கோ வெளிக்கம்பி இன்னும் சேர்ந்திருக்கிறது, தேடுங்கள். பூஜ்யம் ஆன பிறகுதான் டெல் துளையிலிருந்து ஒயர். மல்டிமீட்டர் இல்லையென்றால் பழைய சுவர்ப்பெட்டி பக்கமே போகாமல், ஓ.என்.டி.க்குப் பக்கத்தில் நேராக ஒரு போனை மாட்டிக்கொள்வது நல்லது.

எந்தப் போனும் வேலை செய்யுமா என்றால், இல்லை. விரலால் சுழற்றும் பழைய போனும், பி-டி (P-T) என்ற ஸ்விட்ச் பி-யில் இருக்கும் பட்டன் போனும் "டக் டக்" என்று துடிப்பாக எண்ணை அனுப்பும். பெரும்பாலான ஓ.என்.டி.க்களுக்கு அந்த மொழி புரியாது. அழைப்பு வரும், பேசலாம், இங்கிருந்து டயல் செய்ய முடியாது. பட்டன் போனில் ஸ்விட்சை டி-க்குத் தள்ளினால் தீர்ந்தது. அசல் இரும்பு மணி உள்ள கனமான போன்கள் மணியடிக்க அதிகச் சக்தி கேட்கும். அப்படி மூன்று நாலை ஒரே துளையில் தொங்கவிட்டால் எல்லாமே ஈனமாக முனகும். மாடிக்கு எலக்ட்ரானிக் போன், கீழே மணி போன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இதை யாருமே சொல்வதில்லை, வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதுதான் முக்கியம். செம்பு லைனில் போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே வந்தது, அதனால்தான் தெரு முழுக்க இருட்டானாலும் டயல் டோன் கேட்டது. ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் ஓ.என்.டி. அணையும், போனும் கூடவே அணையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் பல தெருக்களில் ஒரு நாளைத் தாண்டியும் கரண்ட் இல்லை, மொபைல் டவரும் தடுமாறியது. அந்த நேரத்தில் 108-ஐக் கூப்பிட ஒரு போன் உயிரோடு வேண்டுமென்றால் ஏற்பாட்டை நாம்தான் செய்ய வேண்டும்.

ரவுட்டர் யு.பி.எஸ். என்று விற்கிற சின்னப் பெட்டி போதும், ஆனால் அடாப்டரில் அச்சடித்ததைப் படித்துவிட்டு வாங்குங்கள். எங்களுடையது 12 வோல்ட், 1.5 ஆம்பியர். நாங்கள் அவசரத்தில் 1,150 ரூபாய்க்கு 12 வோல்ட் 1 ஆம்பியர் யு.பி.எஸ். வாங்கினோம். கரண்ட் போன நொடியில் பெட்டி அணைந்து மறுபடி துவங்கும், வைஃபையில் நாலு பேர் இருந்தால் மறுபடி அணையும். பிறகு 1,650 ரூபாய்க்கு 2 ஆம்பியர் வாங்கியதும் சரியானது. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் நடுமுனை பிளஸ்தானா என்பதை அடாப்டரில் போட்டிருக்கும் வட்டப் படத்தில் பாருங்கள். அட்டையில் 6,000 எம்.ஏ.எச். என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. 6 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 22 வாட்-மணி. ஓ.என்.டி. 8-லிருந்து 10 வாட் தின்னும், மாற்றத்தில் கொஞ்சம் வீணாகும். ஆக இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஓ.என்.டி.யின் பிளக்கை அந்த லைனில் போடுவது இன்னும் உத்தமம்.

இத்தனையும் செய்துவிட்டு கார்ட்லெஸ் போன் வைத்தால் பிரயோஜனமில்லை. அதன் அடிப்பெட்டிக்குத் தனிக் கரண்ட் வேண்டும். அவசரத்துக்கு ஒயர் உள்ள சாதா போன் ஒன்று டெல் துளையில் இருக்கட்டும், அதற்கு வேண்டிய மின்சாரம் அந்தத் துளையிலிருந்தே கிடைக்கும். இன்னொன்று, உங்கள் ஏரியா ஆளிடம் கேளுங்கள்: "நடுவுல எங்கயாவது கரண்ட்ல ஓடற பெட்டி இருக்கா?" எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஃபைபரில் நடுவே ஒளியைப் பிரிக்கும் துண்டுக்குக் கரண்ட் தேவையில்லை. சில சின்ன நெட்வொர்க்குகள் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் பெட்டி வைத்து அங்கிருந்து பிரிப்பார்கள். அந்த வீட்டில் கரண்ட் போனால் உங்கள் யு.பி.எஸ். இருந்தும் பயனில்லை.

மிச்சம் மூன்று நாள் எப்படிப் போனது என்றால், வைஃபை மெதுவாக இருக்கிறது என்று வீட்டுப் பையன் குண்டூசியால் ரீசெட் துளையைக் குத்தினான். ஸ்விட்சை அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. ரீசெட்டில் வைஃபை பாஸ்வேர்டோடு குரலுக்கான பதிவுக் கணக்கும் அழிந்துவிடும். அதை நிறுவனம்தான் மறுபடி ஏற்ற வேண்டும். அந்தத் துளையின் மேல் ஒரு டேப் துண்டு ஒட்டிவிடுங்கள்.

நம்பர் போனாலும் பரவாயில்லை என்று வேறு கம்பெனியின் இணைய போன் கணக்கை எடுத்து, உங்கள் சொந்த ரவுட்டரில் ஏ.டி.ஏ. பெட்டி (சாதா போனை நெட்டோடு இணைக்கும் பெட்டி) மாட்டுகிறவர்களுக்கு இரண்டு வரி. பேச்சு ஒரு பக்கம் மட்டும் கேட்டாலோ, சொல்லி வைத்தாற்போல முப்பது நொடி சொச்சத்தில் லைன் அறுந்தாலோ, முதலில் ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி. (SIP ALG) என்ற அமைப்பைத் தேடி அணையுங்கள். உதவி செய்வதாக நினைத்து அழைப்புத் தகவலைக் கலைத்துவிடுகிற அமைப்பு அது. ஒரு அழைப்புக்கு இரு பக்கமும் 100 கே.பி.பி.எஸ். நெட் வேகம் போதும், அதனால் பெரிய பிளானுக்கு மாறினால் குரல் தெளியும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

மாறிய பிறகும் மொபைலுக்கு டயல் செய்யும்போது முன்னால் பூஜ்யம் போட வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் இருக்கும் விதிதான், ஆனாலும் புதுப் பெட்டி வந்ததும் "போன் போகல" என்று வரும் புகாரில் பாதி இதுதான். துறைமுகத்தை நம்பி கிளியரிங் ஆபீஸ் நடத்துகிறவர்கள் ஃபேக்ஸ் வைத்திருந்தால் அனுப்பும் வேகத்தை நொடிக்கு 9,600 பிட்டாகக் குறைத்துச் சோதியுங்கள். லைனில் ஓடும் பழைய கார்டு மெஷினோ அலாரமோ இருந்தால் செம்பைக் கழற்றும் முன்பே அதற்கு வழி பாருங்கள்.

ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் நம்பர் (புகார்ப் பதிவு எண்) வாங்குங்கள், தேதியோடு எழுதுங்கள். வாய்ச்சொல்லாக "பாத்துக்கறோம் சார்" என்றதில் எங்களுக்குப் பத்து நாள் போயிற்று. டாக்கெட் நம்பரோடு மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதிய பிறகுதான் நம்பர் திரும்பி வந்தது. பழைய இணைப்புக்குக் கட்டிய டெபாசிட்டையும் மறக்காமல் எழுதிக் கேளுங்கள். ரசீது தொலைந்திருந்தால் பழைய பில்லில் அந்தத் தொகை போட்டிருக்கிறதா பாருங்கள். எங்களுக்கு அந்தப் பணம் இன்னும் வரவில்லை, அதற்கான டாக்கெட் நம்பர் போன் பக்கத்துச் சுவரில் ஒளி அளவுக்குக் கீழே பென்சிலில் இருக்கிறது.